பாதி மேசையும் ஒரு பை துண்டுத் தாளும்: ஜப்பானியக் காகித வேலையைத் தொடங்குவது எப்படி

ஜப்பானியக் காகித வேலை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "கொக்கு மடிக்கத் தெரியுமா?" என்றுதான். தெரியும். ஆனால் இங்கே தாளோடு குடித்தனம் நடத்துகிறவர்களின் மேசையில் கொக்கைவிட அதிகமாகக் கிடப்பது வேறு சாமான்கள்: பாதி தைத்த நோட்டு, பசை காய்ந்துகொண்டிருக்கும் டப்பா, புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குப் பணம் போட்டுக் கொடுக்கும் குட்டி உறைகள், எதற்கு என்றே தெரியாமல் சேர்த்துவைத்த துண்டுகள். நான் இருப்பது தோக்கியோ பக்கம் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில். தனி வேலையறையெல்லாம் கிடையாது, சாப்பாட்டு மேசையில் பாதிதான் பட்டறை, சாப்பிடும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் ஒரு தட்டோடு தூக்கி அலமாரிமேல் வைத்துவிட வேண்டும். அந்த மாதிரி இடத்தில், பெரிய செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கும் பொருளாகச் செய்யத் தொடங்கினால் சீக்கிரமே ஆர்வமும் வடிந்துவிடும், வைக்க இடமும் தீர்ந்துவிடும். கொடுத்துவிடுகிற பொருள், எழுதித் தீர்க்கிற பொருள், தபாலில் போய்விடுகிற பொருள் என்று வீட்டை விட்டு வெளியேறுவதைச் செய்யுங்கள். அப்போதுதான் அடுத்ததைச் செய்ய ஒரு காரணம் தானாக வரும்.

கருவிகள்

கடைக்குப் போனால் கருவி வாங்கியே பணம் போய்விடும், அவ்வளவு அழகாக வைத்திருப்பார்கள். உண்மையில் வேண்டியது கொஞ்சம்தான். ஒரு கட்டர், இரும்பு ஸ்கேல், வெட்டுவதற்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பு, குத்தூசி, தட்டையான ஒரு பிரஷ், நூல் ஊசி, அப்புறம் மடிப்பை அழுத்தித் தேய்க்க ஒரு மூங்கில் பட்டை. இந்தப் பட்டையை இங்கே ஹெரா என்பார்கள். கிடைக்கவில்லையென்றால் எவர்சில்வர் கரண்டியின் முதுகே போதும். எல்லாமே நூறு யென் கடையில் கிடைக்கும், வரியோடு சேர்த்துப் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 110 யென்.

கட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனியை ஒடித்து ஒடித்துப் புதிதாக்கிக்கொள்ளும் பிளேடு 1956-ல் ஒசாகாவில் பிறந்தது, ஒல்ஃபா கம்பெனியின் தொடக்கமும் அதுதான். ஒடிக்கத்தான் அதில் கோடு போட்டிருக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவர்கள் பிளேடு மழுங்கி, தாள் ஓரம் பிசிறடித்துக் கிழிகிற வரைக்கும் ஒடிக்க மனசு வராமல் வைத்திருப்பார்கள். நீண்ட இழைத் தாளை வெட்டும்போது மழுங்கிய நுனி இழையை வெட்டாது, இழுக்கும். நாலைந்து நீள வெட்டு ஆனதும் ஒடித்துவிடுங்கள். ஒடித்த துண்டுகளை ஒரு பழைய மிட்டாய் டின்னில் போட்டுச் சேருங்கள். நிரம்பியதும் டேப் ஒட்டி, மேலே "ஆபத்து" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதி, எரிக்காத குப்பை எடுக்கும் நாளில் வைக்க வேண்டும். விதிமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், உங்கள் பகுதிக் குப்பை அட்டவணையை ஒருமுறை பாருங்கள்.

எந்தத் தாள்

கைவேலைக்கான ஜப்பானியத் தாளை மொத்தமாக வாஷி என்கிறார்கள். பெரும்பாலும் மூன்று செடிகளின் உள்பட்டையிலிருந்து வருகிறது: கோசோ, மிட்சுமாட்டா, காம்பி. கோசோ நம்மூர் முசுக்கட்டைக்கு உறவு. அதன் இழை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளம், மரக்கூழ்த் தாளின் இழையோ சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் கோசோ தாள் மெல்லிசாக இருந்தும் எளிதில் கிழியாது. மிட்சுமாட்டா வழவழப்பானது, ஜப்பானிய ரூபாய் நோட்டில் சேர்ப்பது இதைத்தான். காம்பிக்கு ஒரு பளபளப்பு உண்டு, விலையும் அதிகம், இப்போதைக்கு அதை மறந்துவிடலாம்.

கையால் எடுக்கிற முறையைத் தெரிந்துகொண்டால் தாளின் குணம் புரியும். குளிர்காலத்தில் கோசோ கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரித்து, கறுப்புத் தோலைச் சுரண்டி, காரம் (அல்கலி) கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்து, அடித்து இழையாக்குகிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் இழையோடு தொரோரோ-அவோய் என்ற செடியின் வேர்ச் சாற்றைக் கலக்கிறார்கள். இந்தச் செடி வெண்டைக்காயின் சொந்தக்காரி, அந்தக் கொழகொழப்பு அப்படியே இருக்கும். அந்தக் கொழகொழப்பினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகாமல் மிதக்கும், தண்ணீரும் மெதுவாக வடியும், எடுப்பவர் மூங்கில் பாயைத் திரும்பத் திரும்ப ஆட்டி இழையை அடுக்கடுக்காகப் படியவிட நேரம் கிடைக்கும். ஷிமானே மாவட்டத்தின் செகிஷூ, கிஃபுவின் மினோ, சைதாமாவின் ஹோசோகாவா என்ற மூன்று வகைத் தாள்களின் கைத்திறனை 2014-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சரி, இதில் எதை வாங்குவது? ஆரம்பத்துக்கு என் சிபாரிசு மூன்று. ஒன்று, 15 செ.மீ. சதுர ஓரிகாமிக் கட்டு, சாதாரணமானதே போதும். இரண்டு, பூவேலை அச்சிட்ட சியோகமி தாள் துண்டுகள். மூன்று, ஒன்றும் அச்சிடாத வெள்ளைக் கோசோ ஒரே ஒரு பெரிய தாள். பெரிய காகிதக் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பையில் போட்டுத் தனியாக விற்பார்கள், கல்லாவுக்குப் பக்கத்திலேயோ ஒரு மூலைக் கூடையிலேயோ இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பத்துப் பன்னிரண்டு விதமான தாளை முழு விலை கொடுக்காமல் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

தோக்கியோவில் இருந்தால் நிஹொன்பாஷியில் 1653-லிருந்து இருக்கும் ஓசு வாஷிக்குப் போங்கள், முன்பதிவு செய்தால் அங்கேயே ஒரு தாளை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். மரக்கட்டை அச்சுச் சியோகமிக்கு யனாகாவில் இசேதாட்சு, 1864-ல் தொடங்கியது. யுஷிமாவில் ஓரிகாமி கைகான் என்ற காகித மடிப்பு மையம் இருக்கிறது. இந்தக் கடைகளில் ஒரு மரியாதை உண்டு: பெரிய தாள்கள் அகலமான இழுப்பறையிலோ கம்பியில் தொங்கவிட்டோ இருக்கும், அடியில் இருப்பதை நாமே உருவி எடுக்கக் கூடாது, ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்தத் தாள் விற்காது. வேண்டியதைக் காட்டினால் அவர்களே இரண்டு கையாலும் எடுத்து, சுருட்டி, குழாயில் போட்டுத் தருவார்கள்.

நம்மூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: பாண்டிச்சேரியில் கிடைக்கும் கைத்தாள் பருத்தித் துணிக் கூழில் செய்தது. அழகான தாள், நோட்டு அட்டைக்கு அருமை, ஆனால் நுணுக்கமாக மடிக்கவோ கீழே சொல்லும் ஈரக் கிழிப்புக்கோ சரிவராது. இழை குட்டை.

மடிப்பதற்கு முன்னால் இரண்டு பாடம்

முதல் பாடம், தாளின் ஓட்டம். மெஷின் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், கைத்தாளிலும் ஓரளவு அப்படித்தான். தாளை மடிக்காமல் மெதுவாக வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், பிறகு தொண்ணூறு டிகிரி திருப்பி அதே மாதிரி அழுத்துங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் படிகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் ஓட்டம் போகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: ஓட்டத்தோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். குறுக்கே மடித்தால், அதுவும் தடித்த தாளாக இருந்தால், மடிப்பில் வெள்ளையாக வெடிப்பு தெரியும். பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, நோட்டு விரித்தால் தானாக மூடிக்கொள்கிறது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். கையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது பாடம், ஈரக் கிழிப்பு. எனக்குக் காகித வேலையிலேயே மிகப் பிடித்தது இதுதான், பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். வெள்ளைக் கோசோ தாளை எடுங்கள். ஸ்கேலை வைத்து, தண்ணீரில் நனைத்த மெல்லிய பிரஷால் ஒரு கோடு இழுங்கள். கொஞ்சம் பொறுத்து அதே கோட்டில் இன்னொரு முறை. தண்ணீர் ஊறி அந்த இடம் கண்ணாடி மாதிரி தெரிய ஆரம்பிக்கும்போது ஸ்கேலை எடுத்துவிட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து எதிரெதிராக மெதுவாக இழுங்கள். கிழிக்கவே கூடாது, இழுக்க வேண்டும். தாள் ஓசையில்லாமல் விலகும். விலகிய இரண்டு ஓரத்திலும் இழைகள் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மென்மையாக நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருக்கும். அந்த இழை ஓரத்தை இன்னொரு தாள்மேல் பசையால் ஒட்டினால், எங்கே ஒரு தாள் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. கிழிசல் ஒட்டுவது, ஓவியத்துக்கு முதுகுத்தாள் கொடுப்பது, வண்ணத் தாளைக் கிழித்து ஒட்டிப் படம் செய்கிற சிகிரி-எ என்ற கலை, எல்லாவற்றிலும் இந்த ஒரு ஓரம்தான் வேலை செய்கிறது.

இதே பாடம் கொக்குக்கும் உதவும். 1797-ல் கியோட்டோவில் வெளிவந்த ஒரு மடிப்பு நூலில், ஒரே தாளில் வெட்டு கொடுத்து ஒன்றோடொன்று ஒட்டியபடியே மடிக்கும் கொக்குக் கூட்டங்கள் 49 விதம் இருக்கின்றன. இரண்டு கொக்கு மூக்கோடு மூக்கு, அல்லது இறக்கை நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும், நடுவே இணைப்பு ஒரு சில மில்லிமீட்டர்தான். சாதாரண ஓரிகாமித் தாளில் முயன்றால் கடைசி மடிப்பில் பட்டென்று அறுந்துவிடும். கோசோவில் தாங்கும். நல்ல தாளுக்குக் காசு கொடுப்பது எங்கே நியாயம் என்று கேட்டால், இங்கே.

பசை

இங்கே பள்ளிப் பிள்ளைகள் முதல் புத்தகம் தைப்பவர்கள் வரை எல்லோரிடமும் இருப்பது மாவுப் பசை. யாமாதோ நோரி 1899-லிருந்து விற்கிறது, இப்போது மரவள்ளி மாவில் செய்கிறார்கள். வெள்ளை மரவேலைப் பசையும் கிடைக்கும், சீக்கிரம் காயும், பிடிப்பும் அதிகம். அப்படியென்றால் அதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், முதல் சில மாதம் மாவுப் பசையோடு இருங்கள். அது மெதுவாகக் காயும், ஒட்டியதை நகர்த்தி நேராக்கலாம், காய்ந்த பிறகும் ஈரம் காட்டினால் பிரியும். பழைய சுருள்களையும் புத்தகங்களையும் பழுது பார்ப்பவர்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையை விடாமல் வைத்திருப்பதற்கு இந்தத் திரும்பப் பிரிக்கும் வசதி ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே காய்ச்சலாம். கோதுமையிலிருந்து பசையம் நீக்கிய மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு. கரைத்துச் சற்று நேரம் ஊறவிட்டு, சின்னத் தீயில் கை விடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்ப் பளபளப்பாகக் கெட்டியாகும், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கிளற வேண்டும். ஆறியதும் வடிகட்டியில் வைத்து அழுத்தித் தேய்த்து, வேலைக்கு ஏற்றபடி தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். பெரிய தாள் ஒட்ட இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நம்மூர் சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையும் ஒட்டத்தான் செய்யும், பழகுவதற்குச் சரி, ஆனால் பூச்சிக்கு அது விருந்து.

பசை தடவிய தாள் தண்ணீர் குடித்து விரியும், காயும்போது சுருங்கும். இதைப் புரிந்துகொண்டால் பசை வேலை பாதி முடிந்தது. தடவியவுடன் அவசரமாக ஒட்டாமல் ஒரு நிமிஷம் விட்டுவைத்தால் விரிவது முடிந்துவிடும், ஒட்டிய பிறகு சுருக்கம் விழாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள், அடியில் பழைய செய்தித்தாள் போட்டு ஓரத்தைத் தாண்டி பிரஷை ஓட்டுங்கள். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அட்டையை அது இழுத்து வளைத்துவிடும், எனவே பின்பக்கமும் ஏதாவது ஒரு தாள் ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். பிறகு இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கனமான அகராதியை ஏற்றிவைத்து விடியும்வரை தொடாதீர்கள். அச்சிட்ட சியோகமியை நேரடியாகத் தேய்க்காமல், மேலே வெள்ளைத் தாள் போட்டுத் தேய்த்தால் சாயம் மங்காது.

முதல் பொருள்: பணம் வைக்கும் குட்டி உறை

ஜனவரி ஒன்றாம் தேதி பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் கைநீட்டத்துக்கு ஒதோஷிதாமா என்று பேர், அதைப் போட்டுக் கொடுக்கும் உறை பொச்சிபுகுரோ. ஒரு 15 செ.மீ. சதுரச் சியோகமியில் ஒன்று வரும். முடிந்த அளவு 6-க்கு 9 செ.மீ., மூன்றாக மடித்த ஆயிரம் யென் நோட்டு தாராளமாக உட்காரும்.

தாளை அகலம் 13.5, உயரம் 13 செ.மீ. என்று வெட்டிக்கொண்டு, பூவேலை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். இடமிருந்து 1.5 செ.மீ.யில் ஒரு நெடுக்குக் கோடு, 7.5-ல் இன்னொன்று. கீழிருந்து 1.5 செ.மீ.யில் ஒரு குறுக்குக் கோடு, 10.5-ல் இன்னொன்று. பென்சில் வேண்டாம், ஹெராவின் நுனியால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறினால் தடம் விழும், மடிக்கவும் அதுவே வழி காட்டும். இப்போது மேலும் கீழும், நடுக் கட்டத்தின் நாக்குகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஓரத் துண்டுகளை வெட்டி எடுத்துவிடுங்கள். வலது கட்டத்தை இடப்பக்கம் மடியுங்கள், அது நடுக் கட்டத்தை அப்படியே மூடும். இடது ஓரத்து 1.5 செ.மீ. பட்டையை அதன்மேல் மடித்து ஒட்டுங்கள். கீழ் நாக்கை மேலே மடித்து ஒட்டுங்கள். மேல் நாக்குதான் மூடி, அதை ஒட்ட வேண்டாம். நாக்குகளின் இரு பக்கத்தையும் துளி சாய்வாக நறுக்கிவிட்டால் ஓரம் வெளியே எட்டிப் பார்க்காது.

பசையைப் பட்டையின் வெளி ஓரத்தில் மட்டும், தீக்குச்சி அகலத்துக்குத் தடவினால் போதும். பலர் பட்டை முழுக்கப் பூசுகிறார்கள், அது உள்ளே கசிந்து உறையின் வயிறு ஒட்டிக்கொள்கிறது.

பணம் வைக்கும் வேலை என்பதால் சம்பிரதாயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒதோஷிதாமாவுக்குப் புது நோட்டு. கல்யாணம் போன்ற மங்கல காரியத்துக்குப் பெரிய உறை செய்யும்போது, பின்பக்கம் கீழ் மடிப்பு மேல் மடிப்பின்மேல் வர வேண்டும். துக்கத்துக்கு நேர்மாறு, மேல் மடிப்பு கீழே பார்த்து விழ வேண்டும். உறைமேல் கட்டும் காகிதக் கயிறு மிசுஹிகி, நகானோ மாவட்டத்தின் ஈதா ஊர் இதற்குப் பேர்போனது. மங்கலத்துக்குச் சிவப்பு வெள்ளை, துக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை. பிள்ளை பிறந்ததற்கு இழுத்தால் அவிழும் பூ முடிச்சு போடலாம், மறுபடி நடந்தால் சந்தோஷம்தானே. கல்யாணத்துக்கு அவிழாத முடிச்சுதான், காரணம் சொல்லவே வேண்டாம். இந்த விஷயத்தில் இங்கே யாரும் "பரவாயில்லை" என்று நினைக்க மாட்டார்கள், முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள்.

இரண்டாவது பொருள்: நாலு துளை நோட்டு

இதைச் செய்துவிட்டால் ஜப்பானியப் பழைய புத்தகங்கள் எப்படி நின்றன என்று விரலுக்கே புரிந்துவிடும். முதல் நோட்டுக்கு வீட்டில் இருக்கும் ஏ4 தாளே போதும், 15 தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாதியாக மடியுங்கள், எழுத்துப் பக்கம் வெளியே. இதில் மடிப்பு இருப்பது முதுகில் இல்லை, நாம் புரட்டுகிற முன்பக்கத்தில். திறந்த ஓரம்தான் முதுகு. மெல்லிய வாஷியில் ஒரு பக்கம் மட்டும் எழுதியோ அச்சிட்டோ பழகிய ஊர், அதனால் இந்த இரட்டைப் பக்க ஏற்பாடு. ஏ4-ல் ஒரு குறை: அந்தத் தாளின் ஓட்டம் வழக்கமாக நீளவாக்கில் போவதால், மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழும், பக்கங்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக எழுந்து நிற்கும். பழகுவதற்குச் சரி. அடுத்த நோட்டுக்கு ஓட்டம் பார்த்து வாஷி வெட்டிக்கொள்ளுங்கள்.

மடித்த தாள்களை அடுக்கி, மடிப்பு ஓரத்தை மேசையில் தட்டி ஒரே மட்டமாக்கி, கனம் வைத்துவிடுங்கள். பிறகு உள்கட்டு. கோசோவில் இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்கு ஓட்டத்தோடு ஒரு பட்டை வெட்டி, ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி முறுக்கிக்கொண்டே போங்கள். விரலில் துளி ஈரம் இருந்தால் நன்றாக வரும். கடைசியில் ஊசியே தேவைப்படாத விறைப்பில் ஒரு காகிதத் திரி கிடைக்கும், இழுத்துப் பாருங்கள், அறுக்க முடியாது. கொயோரி என்று பேர். முதுகு ஓரத்துக்கும் தையல் வரப்போகும் கோட்டுக்கும் நடுவே இரண்டு ஜோடித் துளை குத்தி, ஒவ்வொன்றிலும் திரியைக் கோத்து, முடிச்சிட்டு, சுத்தியால் தட்டித் தட்டையாக்குங்கள். வெளி நூல் ஒருநாள் அறுந்தாலும் புத்தகம் உதிராமல் இருப்பது இந்தத் திரியால்தான்.

மேலும் கீழும் அட்டைத் தாள் வைத்து, முதுகிலிருந்து 1 செ.மீ. உள்ளே கோடு போட்டு, நாலு துளை குத்துங்கள். 21 செ.மீ. உயரத்துக்கு மேலிருந்து 1.5, 7.5, 13.5, 19.5 செ.மீ. குத்தூசி செங்குத்தாக இறங்க வேண்டும், சாய்ந்தால் பின்பக்கம் கோடு கோணலாகிவிடும். நூல் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு, சுமார் ஒரு மீட்டர். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. நுனியில் முடிச்சு போடுங்கள்.

துளைகளை மேலிருந்து 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம்.

1. முதுகுப் பக்கமாகச் சில தாள்களை விலக்கி, உள்ளிருந்து 2-ம் துளை வழியாக முன்னட்டைக்கு ஊசியைக் கொண்டுவாருங்கள். முடிச்சு உள்ளேயே மறைந்துவிடும். நூலை முதுகைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் அதே 2-ல் மறுபடி முன்னுக்கு எடுங்கள்.

2. முன்பக்கமாக 3-க்குப் போய்ப் பின்னால் இறக்குங்கள். முதுகைச் சுற்றி முன்னால் வந்து மறுபடி 3-ல் இறக்குங்கள்.

3. பின்பக்கமாக 4-க்குப் போய் முன்னால் ஏற்றுங்கள். முதுகைச் சுற்றி ஒருமுறை, நோட்டின் கால்பக்கத்தைச் சுற்றி ஒருமுறை, இரண்டு தடவையும் அதே 4-ல் பின்னிருந்து முன்னுக்கு.

4. இப்போது திரும்பும் வழி. முன்பக்கமாக 3-ல் இறங்கி, பின்பக்கமாக 2-ல் ஏறுங்கள். விட்டுப்போன இடைவெளிகள் நிரம்பிவிடும்.

5. 2-லிருந்து முன்பக்கமாக 1-ல் இறங்குங்கள். முதுகை ஒருமுறை, தலைப்பக்கத்தை ஒருமுறை சுற்றி, இரண்டு தடவையும் 1-ல் முன்னிருந்து பின்னுக்கு இறக்குங்கள். பின்பக்கமாக 2-க்கு வந்து முன்னால் ஏறுங்கள்.

6. அங்கே இருக்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு ஒரு கண்ணி போட்டு இறுக்கி, ஊசியை 2-லேயே பாதிவரை இறக்கித் தாள்களுக்கு நடுவே வெளியே எடுத்து நறுக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு இழுப்பையும் துளையின் திசையிலேயே இறுக்குங்கள், முதுகுப் பக்கம் இழுத்தால் தாள் கிழியும். முன்னும் பின்னும் எந்த இடத்திலும் நூல் விட்டுப்போகாமல் ஒற்றைக் கோடாக ஓடினால் சரியாகத் தைத்திருக்கிறீர்கள். இது கைக்கு வந்த பிறகு ஆமை ஓட்டுத் தையல், சணல் இலைத் தையல் என்று போகலாம், அடிப்படை இதேதான், துளை மட்டும் கூடும்.

வருஷத்தோடு ஒட்டி

இங்கே காகித வேலைக்குத் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை, பண்டிகை வரிசையே வேலை கொடுக்கும். பிப்ரவரி செட்சுபுன்னுக்கு வறுத்த சோயா போட ஒரு பெட்டி, மார்ச் மூன்றுக்கு மடித்த பொம்மை ஜோடி, மே ஐந்துக்குச் செய்தித்தாளில் போர்வீரன் தொப்பி, ஜூலை ஏழு தனபதாவுக்கு வேண்டுதல் எழுதி மூங்கிலில் கட்டும் சீட்டு. மே 3 முதல் 5 வரை விடுமுறையில் எங்காவது போகலாம் என்றால் ஃபுகுயி மாவட்டத்து எச்சிசென்னுக்குப் போங்கள், காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்த தெய்வமாக ஊரார் கும்பிடும் கவாகாமி கோசெனின் திருவிழா அப்போதுதான்.

ஜூன் மழைக்காலம் வந்துவிட்டால் பசை வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதுவும் காயாது, காய்ந்தாலும் அலை அலையாகக் காயும், பூஞ்சணமும் பிடிக்கும். அந்த மாதங்களில் நான் வெட்டுவதும் மடிப்பதும்தான். தாள்களைத் தட்டையாகப் பெட்டியில் வைத்து, பலகாரப் பொட்டலத்தில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளைச் சேர்த்து உள்ளே போட்டுவிடுங்கள். வெயில் படும் சன்னல் பக்கம் வேண்டாம், சியோகமியின் சிவப்பு முதலில் வெளுக்கும்.

துண்டுகளை என்ன செய்வது

மிஞ்சும் துண்டுகளுக்கு நல்ல வழி அஞ்சலட்டை. ஈரக் கிழிப்பில் கிழித்த வண்ணத் துண்டுகளை ஒரு கனமான தாளில் ஒட்டினால் போதும், மலை, அலை, பேரிக்காய், எதுவானாலும் இழை ஓரம் அழகு கொடுத்துவிடும். தபாலில் அட்டையாகப் போக வேண்டுமானால் அளவு முக்கியம்: நீளம் 14 முதல் 15.4 செ.மீ., அகலம் 9 முதல் 10.7 செ.மீ., எடை 2 முதல் 6 கிராம். முகவரிப் பக்கத்தில் அஞ்சலட்டை என்ற வார்த்தையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதக் கட்டணம் ஆகிவிடும். உள்நாட்டுக்கு 2024 அக்டோபரிலிருந்து 85 யென். ஒட்டிய துண்டுகள் ஓரம் தூக்காமல் முழுக்கப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தூக்கிய ஓரம் தபால் பிரிக்கும் மெஷினில் மாட்டும். புத்தாண்டு வாழ்த்தாக அனுப்புவதென்றால் டிசம்பர் 15-லிருந்து வாங்கிக்கொள்வார்கள், 25-க்குள் போட்டுவிட்டால் ஜனவரி ஒன்றாம் தேதியே வீடு சேரும். எனவே ஒட்டும் வேலையை, காற்று காய்ந்திருக்கும் நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.